ஃபில் ஹார்ட்மேன் போனதும் அவர் பேசுன பாத்திரங்களையும் நிறுத்துனது சரியா?

பழையடேப்:

நேத்து ராத்திரி தூக்கம் வரல, சிம்ப்சன்ஸ்ங்கற அமெரிக்க கார்ட்டூன் தொடரோட நாலாவது சீசன்ல அந்த மோனோரயில் எபிசோட போட்டுட்டு உக்காந்துட்டேன். 1993 ஜனவரில வந்தது, கோனன் ஓப்ரையன் எழுதுனது. லைல் லேன்லின்னு ஒருத்தன் ஊருக்குள்ள வர்றான், ஊர்ப்பணத்துல மெயின் ரோட்ட சரி பண்ணலாம்னு பேசிட்டிருக்காங்க, இவன் ஒரு பாட்டு பாடி முடிக்கறதுக்குள்ள அத்தன பேரும் ஒண்ணுக்கும் உதவாத ரயிலுக்கு தலையாட்டிடறாங்க. அந்தக் குரல் ஃபில் ஹார்ட்மேனோடது. டுபாக்கூர் வக்கீல் லயனல் ஹட்ஸும் அவர்தான், மார்க்கெட் போன நடிகர் ட்ராய் மெக்ளூரும் அவர்தான்.

1998 மே 28 அவர் இறந்துட்டாரு. அதுக்கப்புறம் ஹட்ஸுக்கோ மெக்ளூருக்கோ வேற யாரையும் கூப்பிட்டு பேச வெக்கல. கூட்டத்துல எங்கயாவது அந்த முகம் நிக்கும், அவ்ளோதான், வசனம் கிடையாது. எனக்கு அது ரொம்ப சரின்னு படுது. ஒரு நடிகனுக்கு அதவிட பெரிய மரியாத இல்லன்னு நெனைக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?

நேர்ப்பேச்சு:

நான் ஒத்துக்க மாட்டேன். மரியாதங்கறது வேற, நல்ல பாத்திரத்த பூட்டி வெக்கறது வேற. மெல் ப்ளாங்க் 1989ல இறந்தாரு. பக்ஸ் பன்னி, டாஃபி டக், போர்க்கி பிக், எல்லாம் ஒரே தொண்டை. அவர் போனதும் நிறுத்துனாங்களா? அடுத்த வருஷமே ஜெஃப் பெர்க்மன் பேச ஆரம்பிச்சாரு, அதுக்கப்புறம் எத்தனையோ பேரு. இன்னிக்கு பொறக்கற குழந்தைக்கும் பக்ஸ் பன்னி இருக்கு. ஜிம் ஹென்சன் 1990ல போனாரு, அவர் ஆட்டிப் பேசுன கெர்மிட் தவளை பொம்மைய ஸ்டீவ் விட்மைர் எடுத்து 2016 வரைக்கும் செஞ்சாரு. இவங்கள யாரும் அவமரியாதன்னு சொல்லலயே?

அதுவும் சிம்ப்சன்ஸ்லயே ஒரே நியாயம் இல்ல. 2019ல ரஸ்ஸி டெய்லர் இறந்தாங்க, அவங்க பேசுன மார்ட்டின் ப்ரின்ஸுக்கு உடனே வேற ஆள் வந்துட்டாங்க. 2021ல டாக்டர் ஹிப்பர்ட்டுக்கு ஹாரி ஷீரரோட குரல எடுத்துட்டு கெவின் மைக்கேல் ரிச்சர்ட்சன் வந்தாரு, ஷீரர் உயிரோடதான் இருக்காரு. மார்ட்டினுக்கு ஒரு நியாயம் ட்ராய்க்கு ஒரு நியாயமா?

பழையடேப்:

மார்ஷா வாலஸ் 2013ல இறந்தப்போ அவங்க பேசுன க்ரபாப்பல் டீச்சர நிறுத்துனாங்களே, அத ஏன் விட்டுட்டீங்க.

நேர்ப்பேச்சு:

அததான் சொல்றேன் ப்ரோ. ஒருத்தருக்கு நிறுத்தறாங்க ஒருத்தருக்கு மாத்தறாங்க. மனசு போன போக்குல முடிவு பண்றத கொள்கைன்னு சொல்லாதீங்க.

புதுசாவந்தேன்:

மன்னிக்கணும், நான் சிம்ப்சன்ஸ் அங்கங்க க்ளிப்பா பாத்ததோட சரி. இந்த ஹார்ட்மேன் யாரு? வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட்டா, காமெடி நடிகரா?

சனிராத்திரி:

ரெண்டும் தம்பி, உக்காருங்க சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

1948 செப்டம்பர் 24, கனடால ஒன்டாரியோ மாகாணம் ப்ராண்ட்ஃபோர்டுல பொறந்தாரு. வீட்டுல எட்டு பிள்ளைங்க, இவர் நாலாவது. நடுவுல பொறந்த பிள்ளைங்க வீட்டுல சிரிக்க வெச்சாதான் யாராவது திரும்பிப் பாப்பாங்கன்னு சொல்வாங்கல்ல, அது இவருக்கு பொருந்தும்னு நெனைக்கறேன், இது என் ஊகம்தான். சின்ன வயசுலயே குடும்பம் அமெரிக்காவுக்கு போயிடுச்சு. பேர்ல கடைசில ரெண்டு 'ன்' இருந்துச்சு, ஒண்ண பின்னாடி அவரே எடுத்துட்டாரு. படிச்சது கிராஃபிக் டிசைன். 1975ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிரவுண்ட்லிங்ஸ்னு ஒரு நாடகக் குழு, எழுதி வெக்காம மேடைலயே கற்பன பண்ணி நடிக்கற குழு, அதப் பாக்க போனவரு பார்வையாளர் சீட்டுலேருந்து எழுந்து மேடைக்கு ஏறிட்டாரு. அங்கதான் பால் ரூபன்ஸோட சேந்து பீ-வீ ஹெர்மன்ங்கற பாத்திரத்த உருவாக்க ஒதவி பண்ணாரு, 1985ல வந்த பீ-வீயோட முதல் படத்துக்கு திரைக்கதை எழுதுனதுலயும் அவர் பேர் இருக்கு.

1986ல சாட்டர்டே நைட் லைவ், சனிக்கிழம ராத்திரி நேரலைல வர்ற காமெடி நிகழ்ச்சி. அப்போ வயசு 38. அந்த நிகழ்ச்சிக்கு இருபத்து சொச்சம் வயசுல வர்றதுதான் வழக்கம், இவர் பாதி வாழ்க்கைய முடிச்சுட்டு வந்தவரு. அதுக்கு முந்தின வருஷம் அந்த நிகழ்ச்சி மூடற நெலமைல இருந்துச்சு. இவர், டேனா கார்வி, ஜேன் ஹூக்ஸ், கெவின் நீலன், விக்டோரியா ஜாக்சன், இவங்க ஒரே சமயத்துல உள்ள வந்துதான் நிமிந்துச்சு. எட்டு சீசன் இருந்தாரு, 1994 வரைக்கும். 1989ல எழுத்துக்கு எம்மி, டிவிக்கு குடுக்கற பெரிய விருது. கூட நடிச்சவங்க அவருக்கு வெச்ச பட்டப்பேரு 'பசை'. எல்லாத்தையும் ஒட்டி நிக்க வெக்கறவருன்னு அர்த்தம்.

அதனால எனக்கு இந்த இழையோட தலைப்பே வருத்தமா இருக்கு. எட்டு வருஷம் வாராவாரம் நேரலைல நின்ன மனுஷன், அவர கார்ட்டூன் குரல் மட்டும்தான்னு ஞாபகம் வெச்சிருக்கோம்.

கோடும்வண்ணமும்:

சனிராத்திரி அண்ணே ஒரு வரில தாண்டிட்டீங்க, அந்த டிசைன் வேலை சின்ன விஷயம் இல்ல. நான் அந்தத் தொழில்ல இருக்கறவன் அதனால சொல்றேன். எழுபதுகள்ல நாப்பதுக்கும் மேல பாட்டு ஆல்பங்களுக்கு அட்டை போட்டவரு. 'அமெரிக்கா'ங்கற இசைக்குழுவோட 1975 தொகுப்பு, போகோ குழுவோட 1978 ஆல்பத்துல ஒரே இழுப்புல போட்ட மாதிரி ஒரு குதிரை இருக்கும், அது அவர் கை. கிராஸ்பி ஸ்டில்ஸ் அண்ட் நேஷ் குழுவோட லோகோவும் அவர்தான். ஒரு கோடு எங்க நிக்கணும்னு தெரிஞ்ச கை அது. அவரோட ஸ்கெட்ச் (குட்டி காமெடி நாடகம்) நடிப்புலயும் அத பாக்கலாம், தேவைக்கு மேல ஒரு அசைவு இருக்காது. மத்தவங்க கண்ண உருட்டி கைய ஆட்டிட்டிருப்பாங்க, இவர் சும்மா நின்னு குரல்ல மட்டும் ஒரு திருப்பு திருப்புவாரு.

சனிராத்திரி:

இது நல்ல பாயிண்ட். நான் இத யோசிக்கவே இல்ல.

நேர்ப்பேச்சு:

வாழ்க்கை வரலாறு அருமை, மறுக்கல. ஆனா கேள்வி அது இல்லயே. அவர் பெரிய கலைஞன், சரி. அதனால அவர் பாத்திரம் சாகணுமா? ட்ராய் மெக்ளூர உருவாக்குனது அவர் மட்டுமா? எழுத்தாளருங்க ஒரு அறை நெறைய உக்காந்து எழுதுனாங்க, அனிமேட்டருங்க வரைஞ்சாங்க. 1991 பிப்ரவரில முதல்ல வந்தப்போ அது ஒரு சின்ன வேஷம். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஹட்ஸ், அதுவும் ஒரு தடவைக்குன்னு வெச்சதுதான். அத்தன பேர் ஒழைப்ப ஒருத்தரோட சேத்து பொதைக்கறது அவங்களுக்கு நியாயமா?

பழையடேப்:

ஒரு தடவைக்குன்னு கூப்பிட்ட ஆள அம்பதுக்கு மேல எபிசோட்ல ஏன் கூப்பிட்டாங்க? அதையும் சொல்லுங்க. எழுத்தாளருங்க அவர் குரலக் கேட்டுட்டுதான் அதுக்கப்புறம் எழுதுனாங்க. மெக்ளூரோட வசனத்த எடுத்துக்கோங்க. வணக்கம் சொல்லி, பேரச் சொல்லி, இன்ன இன்ன படத்துல என்னைப் பாத்திருப்பீங்கன்னு ரெண்டு டப்பா படத்து பேரச் சொல்லுவாரு. இத தாள்ல படிச்சா சாதாரண வசனம். அவர் சொல்லும்போது அந்த ஆளோட முழு வாழ்க்கையும் தெரியும், ஒரு காலத்துல பெரிய ஆளா இருந்தவன், இப்போ ஸ்கூல் பசங்களுக்கு கறி எங்கேருந்து வருதுன்னு ஒரு விளக்கப்படத்துல நிக்கறான், ஆனா குரல்ல ஒரு துளி கூட எறக்கம் இல்ல, இன்னும் விருது மேடைல நிக்கற மாதிரியே பேசறான். சிரிப்பு வரும், கூடவே பாவமாவும் இருக்கும். 1996ல மார்ஜ் சிம்ப்சனோட அக்கா செல்மாவ அவன் கல்யாணம் பண்ற எபிசோட பாருங்க, முழு எபிசோடும் அந்தக் குரல் மேலதான் நிக்குது.

மைக்முன்னாடி:

நான் டப்பிங் பேசறவ, பதினெட்டு வருஷமா. ரெண்டு நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்போ எழுதாம இருக்க முடியல.

பழையடேப் சொன்னத தொழில் பாஷைல சொல்றேன். ஹார்ட்மேன் பேசறது 'அனௌன்சர்' குரல். நெஞ்சுலேருந்து வரும், வாக்கியத்தோட கடைசி வார்த்தை கீழ விழாது, தூக்கியே நிக்கும். விளம்பரத்துல செய்தில பேசறவங்க எல்லாருக்கும் இது தெரியும். அவர் என்ன பண்றாருன்னா அந்தக் குரல ஒரு முகமூடியா போட்டுக்கறாரு, உள்ள இருக்கற ஆளு பயந்தவன், இல்ல ஏமாத்துக்காரன், இல்ல ஒண்ணும் தெரியாதவன். ஹட்ஸ் கோர்ட்ல நிக்கறப்போ சட்டம் ஒண்ணும் தெரியாது, ஆனா குரலுக்கு அது தெரியாது, குரல் பாட்டுக்கு ஜெயிச்ச வக்கீல் மாதிரி போயிட்டிருக்கும். நடுவுல எங்கயோ கால் வாசி நொடி ஒரு தடுமாற்றம் வரும், உடனே சமாளிச்சுடுவாரு. அந்தக் கால் வாசி நொடிதான் அவரோட தொழிலே. அத காகிதத்துல எழுத முடியாது.

சனிராத்திரி அண்ணா, இதுக்கு மேடை அனுபவம்தான் காரணம்னு நானும் நெனைக்கறேன், மேடைல நின்னு ஜனங்க சிரிப்பு எங்க விழும்னு இருவது வருஷம் கேட்ட காதுக்குதான் அந்த நொடி எங்க இருக்குன்னு தெரியும்.

சனிராத்திரி:

நன்றிம்மா. அததான் சொல்ல வந்தேன், உங்க அளவுக்கு சொல்ல வரல.

ஒரு உதாரணம் சொல்றேன். 1992 டிசம்பர்ல க்ளின்டன் தேர்தல்ல ஜெயிச்சு இன்னும் பதவி ஏக்கல. ஓட்டப்பயிற்சிக்கு நடுவுல ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள்ள நுழையறாரு, அது ஸ்கெட்ச். மக்கள் கேள்வி கேக்கறாங்க, இவர் பதில் சொல்லிக்கிட்டே ஒவ்வொருத்தர் தட்டுலேருந்தும் எடுத்து எடுத்து சாப்பிடறாரு. சோமாலியாவுக்கு அனுப்பற உணவ அங்க இருக்கற ஆயுதக் கும்பல் எப்படி வழில பிடுங்கிக்குதுன்னு விளக்கறதுக்கு பக்கத்துல இருக்கறவங்க சாப்பாட்டயே பிடுங்கி காட்டறாரு. வாய் முழுக்க சாப்பாடு, அந்தக் கரகரப்பான தெற்கத்திக் குரல் ஒரு எடத்துலயும் நழுவாது, வார்த்தை ஒவ்வொண்ணும் புரியும். நேரலை, ரெண்டாவது டேக் கிடையாது. அதே மனுஷன் 1986ல ரீகனா நடிச்சாரு, கேமரா முன்னாடி மறதிக்கார தாத்தா, சின்னப் பொண்ணு ஒண்ணு வெளிய போனதும் அறை கதவு சாத்துன அடுத்த நிமிஷம் அதிகாரிங்கள வெரட்டி வேலை வாங்கற மூளைக்காரன். முகம் அதே முகம், குரல்ல மட்டும் வயசு கொறஞ்சிடும்.

இது ஒண்ணு. இன்னொண்ணு, பனில பொதைஞ்சு போன ஆதி மனுஷன் உயிர் பொழச்சு வந்து சட்டம் படிச்சு வக்கீலாகி, உங்க உலகம் எனக்கு புரியலன்னு சொல்லி சொல்லியே ஜூரிய ஏமாத்துவான். ஹட்ஸோட அண்ணன் மாதிரி இருப்பான் அவன். ரெண்டு பேரும் ஒரே காலகட்டம்.

நேர்ப்பேச்சு:

சரி, நீங்களே க்ளின்டன எடுத்துட்டு வந்துட்டீங்க, நானும் அதயே எடுக்கறேன். ஹார்ட்மேன் 1994ல சாட்டர்டே நைட் லைவ விட்டுப் போனதும் க்ளின்டன் வேஷம் மைக்கேல் மெக்கீன்கிட்ட போச்சு, 1995லேருந்து டாரல் ஹேமண்ட் செஞ்சாரு. ஹேமண்டோட க்ளின்டனையும் ஜனங்க கொண்டாடுனாங்க. பாத்திரம் கை மாறுச்சு, யாரும் சாகல. அதுக்கும் மேல ஒண்ணு, ஃப்யூச்சுராமான்னு இன்னொரு கார்ட்டூன் தொடர்ல ஸாப் ப்ரானிகன்னு ஒரு விண்கப்பல் கேப்டன். சிம்ப்சன்ஸ உருவாக்குன மேட் க்ரேனிங் அத ஹார்ட்மேனுக்குன்னே வெச்சிருந்தாரு. அவர் இறந்ததும் பில்லி வெஸ்ட் பேசுனாரு. எவ்ளோ பிரமாதமா வந்துச்சு! அந்தப் பாத்திரத்த ஹார்ட்மேனோட சேத்து கைவிட்டிருந்தா நமக்கு ஸாப் கெடச்சிருப்பானா? உங்க வாதம் இங்கயே ஒடையுது.

பழையடேப்:

ஒடையல, இன்னும் கெட்டியாகுது. க்ளின்டன் ஹார்ட்மேனோட பாத்திரம் இல்ல, க்ளின்டன் அமெரிக்காவோட ஜனாதிபதி. அசல் ஆள் வெளில நடமாடறாரு, யார் வேணா பாத்து போலி செய்யலாம், ஹேமண்ட் ஹார்ட்மேன பாத்து செய்யல. ஸாப் விஷயத்துல தொடர் ஆரம்பிச்சது 1999 மார்ச். ஜனங்க காதுல ஹார்ட்மேனோட ஸாப் விழவே இல்ல. வெஸ்டுக்கு நகல் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்ல, தன் பாணில ஒரு ஆள செதுக்குனாரு. அது முதல் தடவ பொறக்கற பாத்திரம். ஏழு வருஷம் ஒரு குரல்ல கேட்டுட்டு எட்டாவது வருஷம் அதே மாதிரி இன்னொருத்தர் பேசறது அது இல்ல. அவங்க அந்தத் தொடர்லயே ஹீரோவுக்கு ஃபிலிப்னு பேர் வெச்சாங்க ஹார்ட்மேன் ஞாபகமா. பேர குடுத்தாங்க, குரல நகல் எடுக்கல. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

நேர்ப்பேச்சு:

இது கொஞ்சம் யோசிக்க வெக்குது, ஒத்துக்கறேன். ஆனா இப்பவும் கேள்வி நிக்குது. ஹட்ஸ் போனதும் சிம்ப்சன்ஸ்ல வக்கீல் வேணும்னா என்ன பண்ணாங்க? கில்னு ஒரு தோத்துப்போன சேல்ஸ்மேன், 1997 டிசம்பர்ல ஹட்ஸ் ரியல் எஸ்டேட் பண்ற எபிசோட்ல அறிமுகமானவன், அவனையே பின்னாடி வக்கீலாக்குனாங்க. ஹட்ஸ் செய்ற வேலய கில் செய்றான். இடம் காலியா இருக்குன்னு அவங்களுக்கே தெரியும். காலியா இருக்கற எடத்துக்கு வேற ஆள மாத்து வேஷம் போட்டு அனுப்பறதுக்கு பதிலா நேரா ஹட்ஸயே ஒரு நல்ல கலைஞன்கிட்ட குடுத்திருக்கலாம்.

சனிராத்திரி:

நேர்ப்பேச்சு சார், மேடை நடிகன் செத்தா என்ன பண்றாங்கன்னு பாருங்க. நியூஸ்ரேடியோன்னு ஒரு தொடர், 1995லேருந்து. நியூயார்க்ல ஒரு செய்தி வானொலி நிலையம், அதுல பில் மெக்நீல்ங்கற அறிவிப்பாளர் ஹார்ட்மேன். இங்கயும் பாருங்க, குரல வெச்சு பொழைக்கற, தன் குரலத் தானே ரசிக்கற ஆள். அவர் இறந்தப்போ நாலு சீசன் முடிஞ்சிருந்துச்சு. அஞ்சாவது சீசன் முதல் எபிசோட்ல பில் மெக்நீல் மாரடைப்புல இறந்துட்டாருன்னு வெச்சு, ஆபீஸ்ல எல்லாரும் அவர நெனச்சுப் பாக்கற மாதிரி எடுத்தாங்க. அந்த அழுக நடிப்பு இல்ல, பாத்தாலே தெரியும். அவரோட நெருங்கிய நண்பர் ஜான் லவிட்ஸ் வந்தாரு, ஆனா பில் மெக்நீலா வரல, மேக்ஸ்ங்கற வேற ஆளா வந்தாரு. தொடர் 1999ல நின்னுடுச்சு. யாராவது வேற நடிகர பில் மெக்நீலா நடிக்க வெக்கலாம்னு சொல்வீங்களா? சொல்ல மாட்டீங்க. முகம் இருந்தா ஆள் மாத்தக்கூடாது, குரல்னா மாத்தலாம்னு எப்படி?

நேர்ப்பேச்சு:

ஏன்னா முகத்த வரையறது வேற ஒருத்தர் அண்ணே! கார்ட்டூன்ல உடம்பு சாகல.

மைக்முன்னாடி:

இந்த வரிதான் எனக்கு வலிக்குது. உங்கள குத்தம் சொல்லல, எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. உடம்பு சாகல, அதனால குரல மாத்திக்கலாம், குரல் ஒரு சட்டை மாதிரி.

எனக்கு நடந்த ஒண்ண சொல்றேன். சில வருஷம் முன்னாடி எங்க தொழில்ல ஒரு பெரியம்மா இறந்துட்டாங்க. ஒரு தொடர்ல ரொம்ப வருஷமா ஒரே பாத்திரத்துக்கு பேசிட்டிருந்தவங்க, எனக்கு மைக் முன்னாடி மூச்சு எங்க எடுக்கணும்னு கத்துக்குடுத்ததே அவங்கதான். பத்தாவது நாள் என்னைக் கூப்பிட்டாங்க. ஹெட்ஃபோன்ல அவங்க குரல போட்டாங்க, அதே மாதிரி வேணும், ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியக்கூடாதுன்னாங்க. செஞ்சேன். வீட்டுல வாடகை, பிள்ளைக்கு ஃபீஸ், வேணாம்னு சொல்ற நெலமைல நான் இல்ல. மூணாவது டேக்ல சரியா பொருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை தட்டுனாங்க. எனக்கு என்னமோ அவங்க ரெண்டாவது தடவ செத்த மாதிரி இருந்துச்சு. எந்த எபிசோட்லயும் அவங்க பேர் நன்றின்னு போடல, என் பேரும் போடல.

அதனால சிம்ப்சன்ஸ்ல 1998 செப்டம்பர்ல ட்ராய் மெக்ளூர் கடைசியா வந்த எபிசோட ஹார்ட்மேனுக்கு அர்ப்பணிச்சு, அதோட நிறுத்திட்டாங்கன்னு படிச்சப்போ நான் அழுதுட்டேன். அவங்க முடிவு சரியா தப்பான்னு எனக்கு கொள்கையா சொல்லத் தெரியல. ஒரு குரலுக்காக யாரோ ஒரு நிமிஷம் நின்னாங்க, அது எனக்கு பெருசு.

நேர்ப்பேச்சு:

அக்கா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க.

ஆனா உங்க கதைலயே இன்னொண்ணும் இருக்கு, கோவிச்சுக்காதீங்க. தப்பு மாத்துனதுல இல்ல, மறைச்சதுல. அந்தம்மா பேர போட்டு, உங்க பேர போட்டு, உங்கள உங்க குரல்லயே பேச விட்டிருந்தா அந்தப் பாத்திரம் வாழ்ந்திருக்கும், ரெண்டு பேருக்கும் மரியாதையும் கெடச்சிருக்கும். மெல் ப்ளாங்க் விஷயத்துல பாருங்க. கார்ட்டூன்ல குரல் கலைஞன் பேர போடற வழக்கமே இல்லாத நாப்பதுகள்ல தன் பேர் திரைல வரணும்னு கேட்டு வாங்குனவரு. இன்னிக்கு பக்ஸ் பன்னிக்கு யார் பேசுனாலும் இது ப்ளாங்கோட குரல்னு ஒலகத்துக்கே தெரியும். கை மாறுனதால அவர் மறக்கப்படல, இன்னும் நல்லா ஞாபகம் இருக்காரு. ட்ராய் மெக்ளூர் இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல பேசல, புதுசாவந்தேன் மாதிரி ஒருத்தர் வந்து யாரு இவருன்னு கேக்கறாரு.

புதுசாவந்தேன்:

உண்மைதான், நான் கேட்டேன். ஆனா இப்போ தெரிஞ்சுக்கிட்டேனே.

மைக்முன்னாடி:

கோவம் இல்லப்பா. பேர போடறத பத்தி நீங்க சொன்னது முழுக்க சரி.

கோடும்வண்ணமும்:

இன்னொரு கேஸ் இருக்கு, யாரும் தொடல. ஜப்பான்காரங்க 1989ல எடுத்த அந்தச் சூனியக்காரச் சிறுமி படம், கிகி. அதுல ஜிஜின்னு ஒரு கருப்புப் பூனை. டிஸ்னி இங்கிலீஷ் டப்பிங் பண்ணப்போ ஜிஜிக்கு ஹார்ட்மேன். அவர் இறந்த வருஷம்தான் வெளிய வந்துச்சு. ஜப்பான் மூலத்துல பூனைக்குப் பேசுனது ஒரு பெண், அடக்கமான குட்டிக் குரல். ஹார்ட்மேன் பேசுனது நக்கலடிக்கற பெரிய மனுஷன் பூனை, மூலத்துல வாய் மூடி இருக்கற எடத்துலயும் சொந்தமா வசனம் சேத்துட்டாரு. முக்கியமா கடைசில. மூலத்துல கிகி வளந்துடறா, அதனால பூனை பேசறது அவளுக்கு திரும்பக் கேக்கறதே இல்ல, அதுதான் கதை. இங்கிலீஷ்ல கடைசில ஜிஜி மறுபடி பேசிடுது. 2010ல புது டிவிடி போட்டப்போ டிஸ்னி அந்தச் சேத்த வசனங்கள்ல நெறைய வெட்டிடுச்சு, கடைசி வசனமும் போச்சு.

இதுல நீங்க எந்தப் பக்கம்? எனக்கு வெட்டுனது சரி. இயக்குநர் வேணும்னு அமைதியா விட்ட எடத்துல யார் குரலும் வரக்கூடாது, எவ்ளோ பெரிய கலைஞனா இருந்தாலும்.

பழையடேப்:

இது எனக்கு கஷ்டமான கேள்வி. நான் சின்ன வயசுல பாத்தது அந்த 98 டேப்தான், என் பேருக்கே அதுதான் காரணம். எனக்கு ஜிஜின்னா அந்தக் குரல்தான். வெட்டுன பதிப்ப பாத்தப்போ வீட்டுல ஒரு சொவத்த இடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா நீங்க சொல்றது நியாயம். படம் எடுத்தவரு விட்ட அமைதி அது.

நேர்ப்பேச்சு:

பாத்தீங்களா, இங்க நீங்களே கலைஞனோட குரல விட கதை பெருசுன்னு சொல்றீங்க. அதே அளவுகோல ட்ராய்க்கும் வெக்கணும்.

பழையடேப்:

வெக்கறேன். ஜிஜியோட கதை ஹார்ட்மேனுக்கு முன்னாடியே இருந்துச்சு, அவர் வந்து சேந்தவரு. ட்ராய் அவர் வாய்லதான் பொறந்தான். அவரே அந்தப் பாத்திரத்த வெச்சு நெஜ நடிகரா ஒரு படம் பண்ண ஆசப்பட்டாரு, அவ்ளோ சொந்தம் அது.

சனிராத்திரி:

இப்போ செயற்கை அறிவு வந்துடுச்சு, பழைய பதிவுகள குடுத்தா எந்தக் குரலையும் திரும்ப எடுத்துடலாம். 2022ல ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் உயிரோட இருக்கறப்பவே சம்மதம் குடுத்து ஸ்டார் வார்ஸ் வில்லன் டார்த் வேடருக்கு அவர் பேசுன குரல அப்படி செஞ்சாங்க. நம்மூர்லயே 2024ல ரஹ்மான் ஒரு பாட்டுல சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல குடும்பத்துக்கிட்ட கேட்டு, பணமும் குடுத்து கொண்டுவந்தாரு, அப்பவும் ஊரு ரெண்டா பிரிஞ்சு சண்ட போட்டுச்சு. நேர்ப்பேச்சு சார், ஹட்ஸ கம்ப்யூட்டர் பேசுனா ஏத்துப்பீங்களா?

நேர்ப்பேச்சு:

மாட்டேன். இதுல நான் உங்க எல்லார் கூடயும்தான். மனுஷன்கிட்டேருந்து மனுஷனுக்கு கை மாறணும்னுதான் சொல்றேன். அக்கா சொன்ன அந்தக் கால் வாசி நொடி, அத மெஷின் பழைய நொடிலேருந்து எடுத்து ஒட்டும். புதுசா தடுமாற அதுக்குத் தெரியாது. ஹார்ட்மேன் அந்த எட்டு வருஷத்துல ஒவ்வொரு வாரமும் புதுசா தடுமாறுனாருல்ல.

மைக்முன்னாடி:

இந்தப் பதில எங்க சங்கத்து மீட்டிங்ல படிச்சுக் காட்டலாமா?

நேர்ப்பேச்சு:

தாராளமா அக்கா.

சனிராத்திரி:

நான் ஒண்ணு மட்டும் சொல்லிட்டு தூங்கப் போறேன். 1994 மே, ஹார்ட்மேனோட கடைசி சாட்டர்டே நைட் லைவ். அந்த நிகழ்ச்சி போற போக்கு அவருக்குப் பிடிக்காம போச்சு, வெளிய வந்து சொந்தமா ஒரு பல்சுவை நிகழ்ச்சி பண்ண திட்டம் போட்டிருந்தாரு, அதுவும் நடக்கல, அது தனிக் கதை. கடைசி ராத்திரி முடிவுல எல்லாரும் சேந்து ஒரு பிரியாவிடைப் பாட்டு பாடறாங்க, ஒருத்தர் ஒருத்தரா மேடைய விட்டுப் போறாங்க. கடைசில மேடைல ஹார்ட்மேனும் கிரிஸ் ஃபார்லியும் மட்டும். ஃபார்லி அவ்ளோ பெரிய உடம்பு, சின்னக் குழந்தை மாதிரி இவர் மேல சாஞ்சு தூங்கறாரு. ஹார்ட்மேன் மெதுவா கேமராவப் பாத்து விடை சொல்றாரு.

ஃபார்லி 1997 டிசம்பர்ல போயிட்டாரு. அஞ்சு மாசம் கழிச்சு இவர். அந்த வீட்டுல அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு எல்லா எடத்துலயும் இருக்கு, மனைவி கையால இறந்தாரு, அவங்களும் போயிட்டாங்க, ரெண்டு பிள்ளைங்க. அதப் பத்தி இந்த இழைல யாரும் தோண்டாம இருந்ததுக்கு எல்லாருக்கும் நன்றி.

புதுசாவந்தேன்:

அண்ணே தூங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?

சனிராத்திரி:

மெக்டொனால்ட்ஸ் ஸ்கெட்ச். அடுத்து மோனோரயில். அந்த வரிசைலயே பாருங்க தம்பி, முதல்ல முகத்தோட பாத்துட்டா அப்புறம் கார்ட்டூன்லயும் அந்த முகம் தெரிய ஆரம்பிச்சுடும்.

பழையடேப்:

ஜிஜிய 98 டப்பிங்ல ஒரு தடவ, மூலத்துல ஒரு தடவ. கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துட்டு வந்து சொல்லுங்க, வெட்டுனது சரியா தப்பான்னு. நான் இன்னும் முடிவு பண்ணல.